விட்டுப்போன பிள்ளைகள்

மில் தெருவில் தட்டம்மை பரவத் தொடங்கியிருந்தது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டி, வயிறு நிறைய ஐஸும் மருந்துமாகக் கிளம்பத் தயாராக நின்றது. எந்தெந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மேசைமேல் இருந்த கணினிக்குத்தான் தெரியும்.

"மில் தெருவுல ஊசி போடாத பிள்ளைங்க யார் யாரு?" என்று கேட்டது பெட்டி.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் போட்டாச்சு!" என்று பூரித்துப்போய் ஒரு பச்சை வட்டத்தைக் காட்டியது கணினி.

"போட்டவங்ககிட்ட எனக்கென்ன வேலை? போடாதவங்களைச் சொல்லு."

"மாவட்டத்துலயே நமக்குத்தான் முதல் இடம், தெரியுமா?"

பெட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குக் கை இல்லை. "உள்ளே ஐஸ் உருகுது. பேரைச் சொல்லித் தொலையேன்!"

"இதையெல்லாம் யாருமே எங்கிட்ட கேட்டதில்லையே," என்று முனகிவிட்டு, கணினி வேண்டாவெறுப்பாக மூன்று பெயர்களைக் காட்டியது. மூவரும் வேலை தேடிப் புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகள்.

அதைப் பார்த்ததும் நர்ஸ் எமல்டா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்று. மூன்றாவது வீட்டில் குழந்தை ருக்சானா உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள்.

"நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள் தாய்.

குழந்தையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எமல்டாவும் பெட்டியும் நிலையத்துக்குத் திரும்பினார்கள்.

"ரெண்டு பேர் கூடிட்டாங்க! கணக்கு ஏறிடுச்சு, பார்க்கிறியா?" என்றது கணினி.

"அதை நீயே பார்த்துக்கோ," என்றது பெட்டி. "பக்கத்துத் தெருவுல எந்தெந்த வீடுன்னு மட்டும் சொல்லு. அங்கே இன்னும் யாருக்கும் காய்ச்சல் வரலை."