நாற்பத்தொன்றாம் குப்பி

"நாற்பத்தொண்ணை மட்டும் விட்டுடுங்க மேடம். மத்தது எல்லாத்தையும் அவிச்சிடலாம்."

ஃப்ரீசர் அண்ணன் இப்படி எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தச் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பெயரே அதுதான். நோயாளிகளிடமிருந்து எடுத்த டைபாய்டு கிருமிகளைக் குப்பிகளில் உறையவைத்துக் காப்பது அவர் வேலை. எந்த ஆண்டுக் கிருமி எந்த மாத்திரைக்குச் செத்தது, எதற்கு அசையாமல் நின்றது என்று ஒப்பிட அவை வேண்டும். மதியச் சாப்பாட்டையும் ஃப்ரீசர் அறைக்கு வெளியே நாற்காலி போட்டுத் தனியாகவே சாப்பிடுவார்.

இப்போது குப்பிகள் இருந்த பெரிய ஃப்ரீசர் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதிதாக வந்தது சிறியது. அண்மைக்காலக் கிருமிகளுக்கு மட்டுமே அதில் இடம். பழையவற்றை நீராவிக் கலனில் அவித்துக் கொன்றுவிடச் சொல்லியிருந்தார், புதிதாகப் பொறுப்பேற்ற டாக்டர்.

"அது மேல மட்டும் என்னண்ணே அப்படி ஒரு பாசம்?" டாக்டர் சிரித்தார்.

"நம்ம லேப்ல மாத்திரைக்கு மசியாத முதல் டைபாய்டு அதுதான் மேடம். நானேதான் வளர்த்தேன். வருஷா வருஷம் எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் முளைச்சிடும்."

"இப்ப வர்றதெல்லாம் ஊசிக்கே அடங்க மாட்டேங்குது. அதுங்களுக்கு முன்னாடி உங்க நாற்பத்தொண்ணு ரொம்பச் சாது. அதோட மரபணுவை முழுசா கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. வேணும்னா பிரிண்ட் எடுத்துத் தர்றேன், வீட்டுச் சுவத்துல ஒட்டிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கறது முளைக்காது மேடம். ஒரே ஒரு குப்பி. ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அண்ணே, நாளைக்கே கரண்ட் போய், அது உருகி, உடைஞ்சு, யார் கை வழியாவோ ஒரு குழந்தை வயித்துக்குள்ள போச்சுன்னு வைங்க. மருந்து வேலை செய்யல. அந்தக் குழந்தையைப் பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது? நீங்களா?"

அவர் ஃப்ரீசர் பக்கம் போனார்.

கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் குப்பியைத் தானே எடுத்து, மற்றவற்றோடு தட்டில் வைத்தார். கலனுக்குள் தட்டைத் தள்ளி, கதவைத் திருகி மூடினார். உள்ளே நீராவி ஏறும் சத்தம் கேட்டது. வழக்கமாகக் கதவை மூடியதும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர், இன்று அங்கேயே நின்றார்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. கலனின் மணி அடிக்கும் நேரத்துக்கு அவரருகே வந்து நின்றார்.

"கோவமாண்ணே?"

"சேச்சே. நீங்க சொன்னது நியாயம்தான் மேடம்."

"யார்கிட்ட இருந்து எடுத்தது அது? ஆள் பிழைச்சாங்களா?"

"இல்ல. ஏழு வயசு. இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தோம்."

"கொடுத்துப் பார்த்தோமா? நீங்க வார்டுலயும் வேலை பார்த்திருக்கீங்களா?"

அவர் கலனின் கதவைத் திறந்து, ஆவி அடங்கும்வரை தள்ளி நின்றார்.

"வீட்டுல அவ கவுன் இருக்கு மேடம், போட்டோ இருக்கு. ஆனா என் பொண்ணு உடம்புல இருந்து எடுத்ததுல உயிரோட இருந்தது அது ஒண்ணுதான்."

குப்பிகளைக் கழிவுப் பையில் கொட்டி, பையின் வாயைக் கட்டினார்.