மாத்திரை அலமாரிச் சாவி

மாத்திரை கொடுக்கும் பயிற்சியில் முதியோர் இல்லத்து ஆயாவுக்கு அன்று கடைசிப் பரீட்சை. நர்ஸ்தான் நோயாளியாக நடித்தாள்.

"இன்னொரு தூக்க மாத்திரை கொடும்மா."

"சீட்டுல ஒண்ணுதான் எழுதியிருக்கு. தர முடியாது."

நர்ஸ் தாளில் ஏதோ எழுதிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"மூணு நாளா கண்ணை மூடல. உன் கால்ல விழறேன்."

நிஜமாகவே விழுந்தாள். கண்ணீர் கொட்டியது. ஆயாவுக்கு மனசு இளகியது. ஆனாலும் காலையில் மேனேஜர் நர்ஸிடமிருந்து வாங்கித் தன்னிடம் தந்திருந்த அலமாரிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதாலும் கிடையாது. என்னமா நடிக்கிறீங்க சிஸ்டர்! எழுந்திருங்க. நான் பாஸா?"

நர்ஸ் எழவில்லை.

"முதல்ல முடியாதுன்னியே, அப்பவே பாஸ் போட்டுட்டேன். இப்ப கேக்கறது எனக்கும்மா."