பச்சை மலை

"எல்லாப் படமும் மலையும் வானமுமாக் கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும் எங்கை?"

றூபினி குமுதினியின் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்திலும் குமுதினி இல்லை. அவள் கணவர் ஞானேஸ்வரனும் இல்லை.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகன் சுஜீத் கொடுத்த பரிசு அந்தப் பயணம். ஓமானில் பச்சை மலை என்று ஒரு மலை. அதன் உச்சியில், பெரிய பணக்காரர்கள் தங்கும் ரிசோர்ட். பார்ட்டியில் சுஜீத் மைக் பிடித்துச் சொன்னதால், லண்டனில் சட்டனிலிருந்து டூட்டிங் வரைக்கும் அதைத் தெரியாத தமிழர் இல்லை. போன கிழமைதான் போய் வந்தார்கள். விசாரிக்கவென்றே புருஷன் குருமூர்த்தியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள் றூபினி.

"எங்களுக்குப் படத்துக்கு நிக்க வெக்கம்," என்றார் ஞானேஸ்வரன், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி.

"சரி, வாயாலையாவது சொல்லுங்கோவன் குமுதினியக்கா. எப்படி இருந்தது?"

குமுதினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"என்னெண்டு சொல்லுறது றூபினி... ஜீப் ஏறுது, ஏறுது, ஏறிக்கொண்டே இருக்குது. மேலை போய் அறைக் கதவைத் திறந்தால், முற்றத்துக்கு அங்காலை நிலமே இல்லை. ஒரே பாதாளம். கழுகு பறக்கிறதைக் குனிஞ்சு பாக்கலாம்."

"குனிஞ்சோ?" குருமூர்த்தி ரோல்ஸைக் கடிக்க மறந்து கேட்டார்.

"ஓம் அண்ணை. நாங்கள் சமதரையிலை பிறந்த சனம். பருந்தை அண்ணாந்துதானே பாத்திருக்கிறம். ராவிலை வெளியிலை வந்தால் ஒரே வெள்ளி. வெள்ளிக்கு நடுவிலை வானத்தைத் தேட வேணும்."

றூபினிகூட ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி இருந்துவிட்டாள். உடனே சுதாரித்துக்கொண்டாள்.

"பேர் பச்சை மலை. படத்திலை ஒரு பச்சையையும் காணேல்லையே?"

"முழுக்கப் பாறைதான். ஆனால் அந்தப் பாறையைப் படிப்படியா வெட்டி ரோசாவும் மாதுளையும் வளர்க்கினம். அந்த விளிம்பிலை நிண்டு கூப்பிட்டால், மலை எங்களைத் திருப்பிக் கூப்பிடுது. அந்தச் சத்தம் இருக்கே..."

குமுதினியின் கண் கலங்கிவிட்டது. 'நல்லா நடிக்கிறா' என்று நினைத்துக்கொண்டாள் றூபினி.

"என்ன சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?"

"அப்பா எண்டு."

றூபினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க மாட்டாளா? இருபத்தைந்து வருடமாகக் குமுதினி புருஷனைக் கூப்பிடுவதே 'இஞ்சேரப்பா' என்றுதான்.

"பக்கத்திலை நிக்கிற மனிசனை ஏனக்கா மலையெல்லாம் கேக்கக் கூப்பிட்டனீங்கள்?"

குமுதினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். றூபினி விடவில்லை. குசினி வாசலில் போய் நின்றாள்.

"குடுத்து வைச்சனீங்கள். என்ரை தம்பி பெண்சாதி தக்ஷிகாவைப் பாருங்கோ. தம்பி செத்து ஆறு மாசம். சின்னப் பிள்ளை கோசிகாவோடை வீட்டுக்குள்ளையே கிடக்கிறாள். போன கிழமை பேர்மிங்காமிலை சிநேகிதி வீட்டுக்குப் போனதும் என்னைக் கேட்டிட்டுத்தான். வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியுமட்டும் அப்படித்தான் அடங்கி இருக்கவேணும். ஊர் சுத்தித் திரிஞ்சால் நான் விடுவனே?"

"விடமாட்டீர் எண்டு தெரியும்," என்றாள் குமுதினி, கோப்பையைக் கழுவிக்கொண்டே.

புறப்படும்போது, சப்பாத்தை மாட்டியபடி, றூபினி அன்று வந்த வேலையை முடித்தாள்.

"ஒண்டு கேக்க மறந்திட்டன். போன வியாழக்கிழமை டூட்டிங் கடையிலை அரிசி மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டது ஆர் ஞானேஸ்வரண்ணை? மூட்டைக்கு மேலாலை முருங்கைக்காய்க் கட்டு நீட்டிக்கொண்டு நிண்டதெண்டு இவர் கண்டவர்."

குருமூர்த்தி தலையைச் சொறிந்தார். ஞானேஸ்வரன் நிலத்தைப் பார்த்தார்.

"போகாட்டில் போகேல்லை எண்டு சொல்லுறதுதானே? இது பச்சை மலை இல்லை, பச்சைப் பொய்!"

கார் தெருமுனை திரும்புமுன்பே றூபினியின் காதில் போன் ஏறிவிட்டது.

"வெளியிலை போகாதேங்கோ எண்டு எத்தனைதரம் சொன்னனான்?" என்றாள் குமுதினி.

"ஒரு கிழமை வீட்டுக்குள்ளை ஒளிச்சிருக்கிறவனுக்கு ஒரு நல்ல கறியாவது வேண்டாமே? சரி விடப்பா. நாளைக்கு முழுச் சனமும் எங்களைப் பாத்துச் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும்."

அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டாள். தக்ஷிகாவின் குரல், யாருக்கோ பயந்ததுபோலத் தாழ்ந்து வந்தது.

"அக்கா, மச்சாள் கண்டுபிடிச்சிட்டாவே?"

"எங்களை மட்டும்தான் பிடிச்சவ. எங்களுக்குப் பதிலா நீயும் பிள்ளையும் போனது அவவுக்குத் தெரியாது. நீ பயப்பிடாதை."

ஞானேஸ்வரன் போனுக்குக் கிட்டே குனிந்தார். "கோசிகாக்குட்டி என்ன செய்யிறாள்?"



"வந்த நாளிலையிருந்து ஒண்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் அண்ணை. 'அம்மா, அப்பா என்னோடை திருப்பிக் கதைச்ச மலைக்கு இனி எப்ப போவம்?' எண்டு."