துண்டுக்குள் ஒரு பேரம்

"அப்பா, அந்தத் துண்டை இன்னிக்காவது கார்லயே வெச்சுட்டு வாங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் கௌசிக்.

நஞ்சப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. ஈரோட்டு மாட்டுச்சந்தையில் தரகராக இருந்தவர் அவர். கைகளைத் துண்டால் மூடி, விரல் பிடித்து விலை பேசியே பழகியவர். அமெரிக்காவில், சுகர் லேண்டில் மகன் வீட்டுக்கு வந்த பிறகும், நடைபாதையில் மடக்கு மேசை போட்டுக் காய் விற்கும் சீனர் லின்னிடம் சனிக்கிழமைதோறும் அப்படித்தான் வாங்குவார்.

"போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிக் கேக்கலாம்பா. அவருக்கு சைனீஸ் மட்டுந்தான் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும் கண்ணு, பத்து வரைக்கும். ஆறுன்னா அவங்களுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும். மொத வாரம் நான் ரெண்டுன்னு நெனச்சுட்டேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"இந்த ஊர்ல நீங்க பேசறது அவர் ஒருத்தர்கிட்டதான். பேச்சுத்துணை இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? கிரீன் கார்டு இருந்து என்ன யூஸ்? சாயங்காலம் கோயமுத்தூருக்கு டிக்கெட் புக் பண்ணிடவா?"

"சொல்றேன்."

பின்னிருக்கையிலிருந்து ஒரு முருங்கைக்கன்றுத் தொட்டியை நஞ்சப்பன் இறக்கினார். வீட்டின் பின்புறம் முழுவதும் அவர் வளர்த்து நிரப்பியிருந்தவற்றுள் ஒன்று அது.

"போறதுக்கு முன்னாடி அவருக்கு கிஃப்டா? சரி, மிச்சத்துக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவா?"

நஞ்சப்பன் தொட்டியோடு லின்னின் மேசையை நோக்கி நடந்தார்.

துண்டைக் கண்டதுமே லின் கையை நீட்டினார். நஞ்சப்பன் தொட்டியை மேசைமேல் வைத்தார். மேசையின் நடுவே விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். தூசி துடைக்கிறார் என்று கௌசிக் எண்ணினான். பிறகு இருவர் கைகளும் துண்டுக்குள் மறைந்தன. லின் தலையை அசைத்து மறுத்தார். நஞ்சப்பன் கையை உருவப் பார்த்தார், லின் விடவில்லை. வழக்கத்தைவிட நேரமாயிற்று.

பாகற்காய்க்கா இத்தனை பேரம் என்று கௌசிக் கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

கடைசியில் லின் சிரித்தபடியே காய்க் குவியலை ஒரு பக்கமாகத் தள்ளினார். நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"என்னப்பா, காய் எங்க? விலை படியலையா?"

"படிஞ்சுது. காய்க்குப் பேசல கண்ணு, மேசையில பாதிக்குப் பேசுனேன். வர்ற சனிக்கிழமை மிச்சத் தொட்டியையும் கார்ல ஏத்தோணும்," என்றவர், சீட் பெல்டை மாட்டியபின் சொன்னார்: "டிக்கெட் வேண்டாம்."