சாவு வீட்டுக் கோப்பி

"சாவு வீட்டுக்குத்தாங்க. ஆனா கோப்பி கல்யாண வீட்டுக் கோப்பி மாதிரி இருக்கணும்."

மாத்தளை டவுனில் கோப்பி அரைக்கும் கடை வைத்திருக்கும் இத்ரூஸ், மரியாதைக்காக மெஷினை நிறுத்தினார். எதிரே நின்ற மாரியாயி, இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அழுத முகமாகத் தெரியவில்லை. சிலர் அழுகையை அடக்கிக்கொண்டுதான் கடைக்கு வருவார்கள், அதைப் போய்க் கிளறுவானேன் என்று இத்ரூஸ் விட்டுவிட்டார்.

சாவு வீடு என்றால், கொத்தமல்லியை அள்ளிக் கலந்து ஒரு டின்னில் அரைத்து வைத்திருக்கும் தூளைக் கொடுப்பதுதான் அவர் வழக்கம். துக்கத்தில் இருப்பவர்கள் எங்கே ருசி பார்க்கப் போகிறார்கள்? அந்த டின்னைத் திறந்ததுமே மாரியாயி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது கோப்பியில்லங்க, மல்லித் தண்ணி. போன வருசம் எங்க நாத்தனா புஷ்பவதி செத்தப்ப இதத்தான் ஊத்துனாங்க. ஒரு வாய் குடிச்ச சனம், வேலை கெடக்குன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. தப்படிக்கிறவங்களும் போயிட்டாங்க. விடியிற வரைக்கும் அவ பக்கத்துல நான் ஒருத்திதான் குந்தியிருந்தேன். கோப்பி நல்லாருந்தாத்தாங்க சனம் ஒக்காந்திருக்கும்."

இத்ரூஸுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளேயிருந்து மூன்று வகை வறுத்த கொட்டைகளை எடுத்து வந்து தட்டில் பரப்பினார். மாரியாயி ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். முதலாவது அரை வறுவல், புளிக்கிறது என்றார். இரண்டாவது வெறும் கரி. மூன்றாவது படக்கென்று உடைந்து வாயெல்லாம் மணத்தது. அதுதான் வேண்டும் என்றார்.

அடுத்த சண்டை அரைப்பில் வந்தது. மாவாக அரைத்துத் தருகிறேன் என்றார் இத்ரூஸ். பெரிய கேத்தலில் கொதிக்கிற கோப்பிக்கு மாவுத் தூள் சரிப்படாது, கடைசியாகக் குடிக்கிறவனுக்கு மண்டிதான் மிஞ்சும், கொஞ்சம் நறநறவென்றே இருக்கட்டும் என்று மாரியாயி வெட்டிப் பேசினார். கொத்தமல்லி பேருக்கு. சுக்கு விரல் அளவு துண்டு ஒன்று. செத்தவர் கொடுத்து வைத்தவர்தான் என்று இத்ரூஸ் நினைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குக் கோப்பின்னா ரொம்ப இஷ்டமோ?"

"உசிருங்க. ருசி கெட்டுச்சுன்னா எந்திரிச்சு வந்து ஏசும்."

மெஷின் சுவிட்சில் கை வைத்தவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அடக்கம் எப்பம்மா? தூள் ரெண்டு கிழமைதான் மணக்கும். வறுத்த கொட்டையா வச்சாலும் ரெண்டு மாசம்தான். அதான் கேட்டேன்."

மாரியாயி முதல்முறையாகத் தடுமாறினார். அது இன்னும் முடிவாகவில்லை என்றார்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வர வேண்டுமோ என்று இத்ரூஸ் கேட்டார். மகன் கட்டாரிலிருந்து வந்து சேரும்வரை காத்துக் கிடக்கும் சாவு வீடுகள் அவருக்குப் பழக்கம். பிள்ளை குட்டி யாருமே இல்லை என்றார் மாரியாயி. இத்ரூஸுக்குத் தலை சுற்றியது.

"அப்ப பிரேதத்த எங்கதாம்மா வச்சிருக்கீங்க?"

மாரியாயி கையிலிருந்த கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வறுக்காத பச்சைக் கொட்டை எம்புட்டு நாளைக்குங்க இருக்கும்?"

"அது ஒரு வருசத்துக்கு மேலயும் கெடாது."

"அப்ப அதையே வெரசா கட்டிக் குடுங்க தம்பி. பிரேதம் இரத்தோட்டை பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போகணும்."