மண்டியிட்டிருப்பவள்

“இந்தப் பொம்பளையைச் சுரண்டி எடுத்துடுங்க.”

வந்தவள் ஜெபப் புத்தகத்தை ஒரே பிரிப்பில் அந்தப் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைத்தாள். அங்கே இருந்த படத்தில், மாதாவின் காலடியில் நீல உடுப்போடு ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள்.

ஓவியர் ஆங்கெரானுக்கு மனசு சுருங்கிப்போனது. மகள் பிறந்த சந்தோஷத்தில் துணி வியாபாரி ஜூர்தேன் தன் மனைவிக்காக வரையச் சொன்ன படம் அது. மண்டியிட்டிருப்பவள் அந்த மனைவிதான்; ஆனால் அவளை ஆங்கெரான் பார்த்ததே இல்லை.

பாரிஸில் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்கள் யாரையும் எதிரே உட்காரவைத்து வரைவதில்லை. உடுப்பின் நிறத்தைக் கேட்டுக்கொள்வார்கள். முகம் அவர்கள் கைக்கு வருவதுதான். ஆனாலும் இந்த முகம் அமைந்தது மாதிரி அவருக்கு வேறொன்று அமையவில்லை.

“சுரண்டிட்டு?”

“வேற முகம் போடுங்க. இருபது வயசு இருக்கட்டும். பச்சை உடுப்பு. இடது கன்னத்துல ஒரு மச்சம்.”

வந்தவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். கன்னத்தில் மச்சமும் இல்லை.

மூலையில் வர்ணத்துக்காக நீலக்கல்லை அரைத்துக்கொண்டிருந்த ஓவியரின் மனைவி தொமாஸ், கணவரின் பக்கம் சாய்ந்தாள். “ரெண்டாந்தாரம் வந்துட்டா. வயசைக் குறைச்சுக்கறா, மச்சத்தை ஒட்டிக்கறா. கேட்டா றெக்கையும் வெச்சுக் குடுங்க.”

வந்தவளுக்குக் கேட்டிருக்கும். முக்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

“உட்காருன்னு யாரும் சொல்லலியே” என்று முணுமுணுத்தாள் தொமாஸ்.

“வீட்டுல குழந்தை இருக்குமே அம்மா?” என்றார் ஆங்கெரான்.

“இருக்கா. பேரு கொலெத். எழுத்து இன்னும் தெரியாது. படத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் ஜெபம் சொல்லுவா.”

“அப்புறம் பெத்தவ முகத்தையே சுரண்டச் சொல்றீங்களே.”

“அம்மான்னு அவ விரலை வைக்க ஒரு முகம்தான் இருக்கணும் ஐயா. ரெண்டு இருந்தா குழந்தை தவிச்சுப்போயிடும்.”

“நல்ல மனசு” என்றாள் தொமாஸ், கல்லை இன்னும் அழுத்தி அரைத்தபடி.

கூலிக்குப் படம் போடுகிறவர் வேறென்ன செய்வார், சொல்லுங்கள். கத்தியை எடுத்தார். நெற்றி போனது, உதடு போனது. தோல் ஏட்டிலிருந்து உதிர்ந்த தூளை ஊதிவிடக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

கண்கள் மட்டும் மிஞ்சியபோது கத்தி நின்றது.

“அந்தம்மா எப்போ தவறினாங்க? பேரையாவது சொல்லுங்க. ஒரு ஜெபம் சொல்லிட்டு இதையும் எடுத்துடறேன்.”

அவள் குனிந்து, மிஞ்சியிருந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னும் தவறல ஐயா. மச்சக்காரி எனக்கப்புறம்தான் வருவா. ஈஸ்டர் வரைக்கும் நான் இருப்பேன்னு வைத்தியர் சொல்லியிருக்கார்.”