மலைமாட்டுக்கு ஒரு பேர்

"ஏய் மலைமாடு! மூணாவது மாடி மூட்டை வந்தாச்சு, தள்ளிக்கிட்டுப் போ!"

லிஃப்ட்காரர் சும்மா கூப்பிடவில்லை. டி.வி. காமெடித் தொடரில் வரும் மலைக்கார வாட்ச்மேன் மாதிரியே கொச்சைப் பேச்சு, பிளந்த வாய், விறைப்பாக ஒரு சல்யூட். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடமே கொல்லென்று சிரித்தது.

அவனும் சிரித்தான். பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வந்த சமயம் அந்தத் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அவன் தலையெழுத்து, முதல் நாளே பேர் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் மருமகன், கூடப் பிறந்தவளின் மகன், ஒரு பனியன் வாங்கி வந்தான். நெஞ்சில் பெரிசாக 'மலைமாடு' என்று எழுதியிருந்தது.

"அவங்க சொன்னா வசவு மாமா. நாமளே போட்டுக்கிட்டா கெத்து! எங்க காலேஜ்ல மலைப் பசங்க எல்லாரும் போட்டிருக்கோம்."

போட்டுப் பார்த்தான். கெத்தாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஏங்கியது அதற்கா? அம்மா வைத்த பேரை யாராவது வாய் நிறையக் கூப்பிட மாட்டார்களா என்றுதான் ஏங்கினான். அக்காவுக்கு அவன் தம்பி, அவள் மகனுக்கு மாமா. அம்மா போனதோடு அந்தப் பேரும் போய்விட்டது.

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில், புதிதாக வந்த சூப்பர்வைசரம்மா வாசலில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"நிறுத்துங்க! பொறந்த இடத்தை வச்சு ஒரு மனுஷனை மாடுன்னு கூப்பிட வெக்கமா இல்லை? டி.வி.ல எவனோ கூத்தடிச்சா நீங்களும் ஆடுவீங்களா? இனிமே அந்த வார்த்தை என் காதுல விழுந்தா மெமோதான். அவரை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்!"

அவன் நிமிர்ந்து நின்றான். இதோ, இப்போது கேட்கப் போகிறார்கள்!

யாரும் கேட்கவில்லை.

"இந்தாப்பா, மூட்டை" என்றார் லிஃப்ட்காரர். மெஷின்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். மத்தியானம் வரை "ஏம்ப்பா", "அட, உங்களைத்தான்" என்றே ஓடியது. மூணு மணிக்கு சூப்பர்வைசரம்மாவே வந்து, "முப்பத்தேழு, இப்போ தொல்லை ஒண்ணும் இல்லையே?" என்று அன்பாக விசாரித்தார். முப்பத்தேழு அவன் டோக்கன் நம்பர்.

கடைசி வேலை, படுக்கை விரிப்பு மடிப்பது. ஒத்தை ஆளால் ஆகாது. ஆளுக்கு ரெண்டு முனை பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்க்க வேண்டும். பதினோரு வருஷமாக அவனுக்கு எதிர் முனை கருவாட்டக்காதான். அவளிடம் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"பாத்தீங்களா கருவாட்டக்கா இந்த அநியாயத்தை? மாடுன்னு கூப்பிட எல்லாருக்கும் வாய் இருந்துச்சு. உன் பேர் என்னன்னு கேக்க ஒருத்தருக்கும் வாய் வரலையே!"

அக்கா விரிப்பை உதறாமல் நின்றாள்.

"நானும் உன்னை அப்படித்தானேப்பா கூப்பிட்டேன். தப்புத்தான். உன் பேர் என்ன?"

சொன்னான். மலைப் பேர், கொஞ்சம் நீளம்.

அக்கா சொல்லிப் பார்த்தாள். நடுவில் தடுக்கியது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சொன்னாள். இந்தத் தடவை சுத்தமாக வந்தது.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க கருவாட்டக்கா."

கூப்பிட்டாள்.

"எங்கம்மாவே கூப்பிட்ட மாதிரி இருக்கு. நீங்க நல்லா இருக்கணும் கருவாட்டக்கா. இதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்!"

முனைகளைச் சேர்க்க அவள் கிட்டே வந்தாள். துணியை அவன் கையில் கொடுத்துவிட்டும் நகரவில்லை. அவன் இன்னும் ஏதோ கேட்பான் என்பது போல முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கருவாட்டக்கா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "நான் கடலோரத்துல பொறந்தவதான். ஆனா எனக்கும் எங்கம்மா ஒரு பேர் வச்சிருந்தா."